வழியில் காணாமல் போன ஷில்லிங்

1991இல் உகாண்டா அரசு தன் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு மானியம் நிர்ணயித்தது. ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குத் தலைக்கு ஆண்டுக்கு 2,500 ஷில்லிங். நான்கு முதல் ஏழு வரை 4,000 ஷில்லிங். டாலரில் மாற்றினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகிற தொகைதான். ஆசிரியர் சம்பளம் இதில் சேராது, அது தனி. சாக்பீஸ், பதிவேடு, பாடப்பொருள், சின்னச் சின்னப் பழுதுபார்ப்பு என்று பள்ளிக்கூடம் அன்றாடம் ஓடுவதற்கான பணம் இது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் அச்சானது, ஒதுக்கப்பட்டது, கம்பாலாவிலிருந்து புறப்பட்டும் விட்டது.

போய்ச் சேர்ந்ததா என்று ஐந்து ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை.

இந்தப் பணத்தின் கதையைச் சொல்ல அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைத் தொட வேண்டும். இடி அமீனின் ஆட்சி, பிறகு ஒபோட்டேயின் இரண்டாம் ஆட்சி, இடையில் போர்கள். அரசு என்ற ஒன்று கிராமத்துப் பள்ளியின் வாசலிலிருந்து மெல்ல மெல்ல மறைந்துபோனது. ஆனாலும் பள்ளிகள் மூடப்படவில்லை. பெற்றோர் சங்கங்கள் கூடிப் பணம் வசூலித்தன, கட்டடத்தைப் பார்த்துக்கொண்டன, பிழைக்கப் போதாத சம்பளம் வாங்கிய ஆசிரியருக்கு மேல்காசு கொடுத்து அவரை ஊரில் நிறுத்தி வைத்தன. தொடக்கப்பள்ளிச் செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் தலையில்தான் இருந்தது. இந்த வசூலுக்குப் பெற்றோர் கணக்குக் கேட்டார்கள். அதனால் பள்ளிகளில் வரவும் செலவும் எழுதி வைக்கும் பழக்கம் நிலைத்தது. பின்னால் இந்தப் பழக்கம்தான் பெரிய உண்மை ஒன்றை வெளியே கொண்டுவரப் போகிறது.

1986 ஜனவரியில் முசவேனி ஆட்சிக்கு வந்தார். மறு ஆண்டு, பேராசிரியர் வில்லியம் செந்தேசா கஜுபி தலைமையில் கல்விக் கொள்கை ஆணையம் அமைந்தது. 1989இல் அறிக்கை தந்தது. எல்லாருக்கும் தொடக்கக் கல்வி என்பதைப் படிப்படியாக எட்ட வேண்டிய இலக்காக வைத்தது. 1992இல் அது அரசின் வெள்ளையறிக்கை ஆயிற்று. உலக வங்கி வந்தது, அமெரிக்க உதவி நிறுவனம் வந்தது, ஐரோப்பிய அரசுகள் வந்தன. அந்த ஆண்டுகளில் உகாண்டா அரசின் செலவில் மிகப் பெரிய பங்கு வெளிநாட்டு உதவியிலிருந்து வந்தது. ஆகவே ஒரு பிள்ளைக்குரிய அந்த 2,500 ஷில்லிங்கில் காப்பி விவசாயியின் உழைப்பும் இருந்தது, லண்டனிலோ ஹேக்கிலோ வரி கட்டிய ஒருவரின் பணமும் இருந்தது. கருவூலத்தில் கலந்த பிறகு எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உதவி தருகிறவர்கள் தங்கள் பெயர் பொறித்த திட்டங்களை எண்ணிப் பார்த்தார்கள்: எத்தனை பயிற்சி, எத்தனை கட்டடம், எத்தனை புத்தகம். அரசின் வழக்கமான மானியத்தின் பின்னால் நடந்துபோய்ப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. உதவி என்ற ஏற்பாட்டின் ஆழமான குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

பணம் போன பாதை எளிமையானது. கம்பாலாவில் மத்திய அரசு, அங்கிருந்து மாவட்ட நிர்வாகம், அங்கிருந்து பள்ளி. மூன்றே நிலையங்கள். அன்று நாட்டில் 39 மாவட்டங்கள்.

1990களின் நடுவில் கம்பாலாவிலிருந்த பொருளாதார நிபுணர்களை ஒரு முரண்பாடு உறுத்தியது. கல்விக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஆனால் அரசுப் புள்ளிவிவரத்தில் மாணவர் எண்ணிக்கை அசையாமல் நிற்கிறது. பணம் கூடியும் பிள்ளைகள் கூடவில்லை என்றால், ஒன்று பணம் பள்ளிக்குப் போகவில்லை, அல்லது புள்ளிவிவரம் பொய். 1996இல், உலக வங்கியிலிருந்த ரித்வா ரெய்னிக்கா முன்னின்று நடத்திய ஆய்வு, 18 மாவட்டங்களில் 250 தொடக்கப்பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தது. ஆய்வாளர்கள் கேட்டது கருத்து அல்ல, கணக்குப் புத்தகம். 1991 முதல் 1995 வரை ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பள்ளிக்கு எவ்வளவு வந்தது? கம்பாலா அனுப்பியதாக எழுதியிருப்பது எவ்வளவு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

மாவட்ட அலுவலகங்களின் ஏடுகள் ஒப்பேறாத நிலையில் இருந்தன. பள்ளிகளின் ஏடுகள்தாம் காப்பாற்றின. பெற்றோர் கேட்பார்கள் என்பதற்காகத் தலைமையாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருந்த வரவுசெலவுப் பக்கங்கள் உலகப் பொருளாதார இலக்கியத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் எண்ணைத் தந்தன. அரசு அனுப்பிய மானியத்தில் பள்ளியை அடைந்தது சராசரியாக 13 விழுக்காடு.

சராசரி என்ற சொல்லே இங்கே உண்மையைக் கொஞ்சம் மென்மையாக்கிவிடுகிறது. பெரும்பாலான பள்ளிகளுக்கு எதுவுமே வரவில்லை. சில பள்ளிகளுக்கு ஓரளவு வந்தது. அவற்றைச் சேர்த்துக் கூட்டியதால்தான் 13. நம் நாட்டில் 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி, அரசு செலவிடும் ஒரு ரூபாயில் 15 பைசாதான் ஏழைக்குப் போகிறது என்று சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அது ஒரு தலைவரின் மதிப்பீடு. உகாண்டாவில் நடந்தது அளவீடு, பள்ளி பள்ளியாக, ஆண்டு ஆண்டாக. புள்ளிவிவரமும் பொய்தான் என்று அதே ஆய்வு காட்டியது: பள்ளிகளின் சொந்தப் பதிவேடுகளின்படி அந்த ஐந்தாண்டில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியிருந்தது. பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பணம்தான் வரவில்லை.

எங்கே போயிற்று? சட்டைப்பைக்கு மட்டும் போனது என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். மாவட்ட நிர்வாகத்துக்கு வேறு செலவுகள் இருந்தன, அரசியல் செலவுகளும் இருந்தன. ஆதரவாளர்களைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கென்று வந்த பணம் கையில் இருந்தது. அதைக் கேட்டு வருவதற்கு ஆள் இல்லை. யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று ரெய்னிக்காவும் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த யாக்கோப் ஸ்வென்சனும் மேலும் தோண்டிப் பார்த்தார்கள். வசதியுள்ள பெற்றோரின் பிள்ளைகள் படித்த பள்ளிகளுக்குக் கூடுதல் பங்கு போயிருந்தது. அங்கே பெற்றோருக்கு மாவட்டத் தலைநகரில் ஆள் தெரியும், போய்க் கேட்கத் தெரியும். ஏழைகளுக்குச் சமவாய்ப்பு தருவதற்காகத் தலைக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே அளவாகப் போட்ட மானியம், வழியில் ஏழைகளைத் தேடித் தேடித் தவிர்த்திருக்கிறது. 13 என்ற எண்ணைவிட என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

இதோடு ஆசிரியர் சம்பளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளமும் அதே அரசிலிருந்துதான் வந்தது. தாமதங்கள் இருந்தன, குறைகள் இருந்தன. ஆனால் மானியம் போல அது ஆவியாகவில்லை. ஏனென்றால் தன் சம்பளம் எவ்வளவு, எந்த மாதம் வர வேண்டும் என்பது ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரியும். வராவிட்டால் கேட்பார். மானியமோ, இப்படி ஒன்று இருக்கிறது என்பதே பள்ளிகளில் பலருக்குத் தெரியாது. பள்ளியின் ஓட்டைக் கூரைக்குக் கீழே பெற்றோரிடம் வசூலித்த பணத்துக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்கு, தன் பள்ளி பெயரில் கம்பாலாவில் ஒரு தொகை ஆண்டுதோறும் எழுதப்படுவது தெரியாது. தெரியாத பணத்தை எவரும் கேட்க மாட்டார்கள்.

நிதி அமைச்சகம் எடுத்த முடிவு இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. அப்போது அமைச்சகத்தின் முதன்மை அதிகாரிகளில் ஒருவர் இமானுவேல் துமுசீமே முதெபிலே. பின்னாளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உகாண்டா வங்கியின் ஆளுநராக இருந்தவர். மாவட்டங்களுக்கு ஒவ்வொரு மாதமும் எவ்வளவு மானியம் அனுப்பப்படுகிறது என்பதை நாளிதழ்களில் அச்சிடத் தொடங்கினார்கள். நியூ விஷன் போன்ற ஆங்கில இதழ்களில் மட்டுமல்ல, உள்ளூர் மொழிப் பதிப்புகளிலும். லுகாண்டா மொழியில் புகெடெ என்ற நாளிதழ் 1994இலிருந்து வருகிறது. கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் அந்தந்த மொழிகளில் அன்று இதழ்கள் இருந்தன. அடுத்த படியாக, மாவட்ட அலுவலகமும் பள்ளியும் வந்த தொகையை எழுதி வெளியே ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. இந்தப் பள்ளிக்கு இந்தப் பருவத்தில் இவ்வளவு ஷில்லிங் வந்திருக்கிறது, இன்னின்னதற்குச் செலவாகியிருக்கிறது என்று கையால் எழுதிய ஒரு தாள் சுவரில் ஏறியது. இதற்குப் புதிய சட்டம் தேவைப்படவில்லை. வெளிநாட்டு ஆலோசகர் கூட்டமும் தேவைப்படவில்லை.

ஆனால் அதே காலத்தில் நாட்டில் ஒரு வெள்ளமே வந்தது. 1996 தேர்தல் பிரசாரத்தில் முசவேனி ஒரு வாக்குறுதி தந்திருந்தார்: ஒரு குடும்பத்தில் நான்கு பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி இலவசம். 1997 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நான்கு என்ற வரம்பு பின்னர் கரைந்துபோனது. 1996இல் சுமார் 31 லட்சமாக இருந்த தொடக்கப்பள்ளி மாணவர்கள் 1997இல் சுமார் 53 லட்சம் ஆனார்கள். ஒரே ஆண்டில் இருபது லட்சத்துக்கு மேல் புதிய பிள்ளைகள். ஆறு வயதுக் குழந்தைகளோடு பதின்வயதைத் தொட்டவர்களும் முதல் வகுப்பில் உட்கார்ந்தார்கள். முதல் முறையாகப் பள்ளி வாசலைப் பார்த்தவர்கள் அவர்கள். இடம் போதவில்லை, மரத்தடியில் வகுப்பு நடந்தது. ஒரு முதல் வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருப்பது பல ஊர்களில் சாதாரணமாயிற்று.

மானியமும் உயர்ந்தது: கீழ் வகுப்புகளுக்கு 5,000 ஷில்லிங், மேல் வகுப்புகளுக்கு 8,100. பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றானதால், முன்பு கேள்விப்பட்டிராத இந்தத் தொகையே இப்போது பள்ளிக்கு உயிர்நாடி. 1998 ஏப்ரலில், பெருங்கடனில் சிக்கிய ஏழை நாடுகளுக்கான கடன் தள்ளுபடித் திட்டத்தில் முதலில் நிறைவு நிலையை எட்டிய நாடு உகாண்டா. அதில் மிச்சமான பணத்தையும் உதவி நாடுகள் தந்ததையும் வறுமை ஒழிப்பு நடவடிக்கை நிதி என்று தனியாக வேலி போட்டு வைத்தார்கள். அதிலிருந்து கிளம்பும் பணம் இன்ன செலவுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு கிளம்பியது. 1996இல் தொடங்கிய உகாண்டா கடன் வலையமைப்பு என்ற குடிமக்கள் அமைப்பு ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, இந்த நிதி தங்கள் ஊரில் என்ன ஆனது என்று பார்க்கச் சொன்னது. கடன் தள்ளுபடிக்காகக் குரல் கொடுத்தவர்களே, தள்ளுபடியான பணத்தின் பின்னாலும் நடந்தார்கள். இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தார்கள். 2001இல் மானியத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பள்ளிகளை அடைந்திருந்தது. ரெய்னிக்காவும் ஸ்வென்சனும் இதில் ஒரு நுட்பமான சோதனையும் செய்தார்கள். நாளிதழ் விற்கும் கடை பக்கத்தில் இருக்கும் பள்ளிகளையும் தொலைவில் இருக்கும் பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த தலைமையாசிரியர்களுக்கு மானியத்தின் விதியும் அது வரும் நேரமும் நன்றாகத் தெரிந்திருந்தன; அவர்களின் பள்ளிகளுக்குப் பணமும் கூடுதலாக வந்தது. நாளிதழ் அறிவிப்புகள் தொடங்குவதற்கு முன் இந்தத் தூரம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

இந்த முடிவு உலகெங்கும் பரவியது. பரவிய வேகத்தில் கொஞ்சம் சுருங்கியும் போயிற்று: பத்திரிகையில் போட்டார்கள், ஊழல் ஒழிந்தது என்று. 2007இல் பால் ஹப்பர்ட் என்ற ஆய்வாளர் இதற்கு மறுப்பு எழுதினார். அந்த இடைக்காலத்தில் கட்டணம் ஒழிந்தது, மானியத்தின் அளவு கூடியது, பணத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன, உதவி நாடுகளின் கண் அங்கேயே பதிந்திருந்தது. இத்தனையும் சேர்ந்து நடந்த மாற்றத்தை நாளிதழ் ஒன்றின் கணக்கில் எழுதுவது சரியல்ல என்றார். அவர் சொன்னது சரி. தலைமையாசிரியர் நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்தில் நின்றபோது, அவருக்குப் பின்னால் நிதி அமைச்சகம் இருந்தது, அடுத்த தேர்தல் இருந்தது, கட்டணமின்றிப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருந்த நூற்றுக்கணக்கான பெற்றோர் இருந்தார்கள். ஆனாலும் அந்த எண் தெரியாமல் இருந்திருந்தால் அவர் அங்கே போயிருக்கவே மாட்டார். அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, பணம் வந்து சேர்ந்தது. வந்த பிறகு அது என்ன ஆயிற்று? அரசின் வழிகாட்டுதல்படி பாதி கற்பித்தல் பொருள்களுக்கு. 30 விழுக்காடு விளையாட்டு, இசை, நாடகம் முதலியவற்றுக்கு. மிச்சம் பள்ளி மேலாண்மைக்கும் நிர்வாகத்துக்கும். பந்துக்கும் பாட்டுக்கும் இத்தனை பெரிய பங்கு ஒதுக்கியதை நான் ஆடம்பரமாகப் பார்க்கவில்லை. அத்தனை ஆண்டுப் போருக்குப் பிறகு பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று நினைத்தவர்கள் நல்லதைத்தான் நினைத்திருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்பதால் புதுச் சிக்கலும் முளைத்தது. பதிவேட்டில் தலைகள் கூடின. இல்லாத பிள்ளைகளின் பெயரில் பணம் கேட்ட பள்ளிகள் பிடிபட்டன.

கல்விக்கும் பணத்துக்கும் நடுவில் இன்னும் நீண்ட தூரம் இருந்தது. 1997இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 21 லட்சத்துக்கு மேல். அவர்கள் ஏழாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய 2003இல் அந்த வகுப்பில் இருந்தவர்கள் சுமார் 4.85 லட்சம். சிலர் பின்தங்கி அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தார்கள், பலர் பள்ளியை விட்டே போனார்கள். சீருடை, நோட்டு, மதிய உணவு எல்லாம் பெற்றோர் பொறுப்பாகவே இருந்தன. அதே ஆண்டுகளில் ஆறு நாடுகளில் முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்த ஓர் ஆய்வில், உகாண்டாவில் 27 விழுக்காடு ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. இந்தியாவில் 25. நாம் அந்த நாட்டைத் தள்ளி நின்று பார்க்க முடியாது.

உகாண்டாவில் முதலில் செய்த முறை, பணத்தை அதன் பாதையிலேயே பின்தொடர்ந்து ஒவ்வொரு நிலையத்திலும் அளக்கும் முறை, தான்சானியா, கானா, ஜாம்பியா என்று ஊர் ஊராகப் போயிற்று. நம்மிடமும் வந்தது. டெல்லியில் இயங்கிய பொறுப்புடைமை முனைவு என்ற ஆய்வுக்குழு 2009 முதல் பைசா என்ற பெயரில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பள்ளி மானியங்களைப் பின்தொடர்ந்தது. இங்கே பணம் பெரும்பாலும் காணாமல் போகவில்லை, தாமதமாக வந்தது. நிதியாண்டு பாதி கடந்த பின் கைக்கு வரும் தொகையை மார்ச் முடிவதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டிய தலைமையாசிரியர்களின் பாட்டை அந்த அறிக்கைகள் விளக்கமாகப் பதிவு செய்தன. ஜூனில் தேவைப்பட்ட கரும்பலகை பிப்ரவரியில் வந்தால் அந்த ஆண்டுப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

ஆசிரியர் வராத சிக்கலுக்கு உகாண்டாவிலேயே பின்னர் ஒரு சோதனை நடந்தது. கிராமப்புற அரசுப் பள்ளிகள் நூறு. சில பள்ளிகளில், பள்ளியைக் கண்காணிப்பதற்கான மதிப்பீட்டு அட்டையை மேலிருந்தே தயாரித்துப் பள்ளிக் குழுவிடம் கொடுத்தார்கள். வேறு சில பள்ளிகளில், எதை அளப்பது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் பள்ளிக் குழுவினரும் கூடி உட்கார்ந்து தாங்களே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். தயாராக வந்த அட்டையால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. தாங்களே அட்டை எழுதிய ஊர்களில் ஆசிரியர்கள் வராத நாள்கள் குறைந்தன, பிள்ளைகள் வராத நாள்களும் குறைந்தன, தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்தது. இரண்டு அட்டைக்கும் செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டாவது அட்டைக்கு வேண்டியிருந்தது ஊர் கூடி உட்காரும் சில பொழுதுகள். உதவித் திட்டங்களின் வரவுசெலவுப் பட்டியலில் அந்தப் பொழுதுகளுக்கு இன்னும் ஒரு வரி எழுதப்படவில்லை என்றால், அதை எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் பணம் தருகிறவர்கள் மட்டுமல்ல; அன்று தன் பள்ளிக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போன அந்தத் தலைமையாசிரியர்களும்தான்.